மயானத்தில் முடியும் வரவேற்புப் பாட்டு

காங்கேசன்துறையில் நாலு பேர் சேர்ந்து பாடினால் அங்கே நாலு பாடகர்கள் இருப்பார்கள், குழு இருக்காது. எங்கள் கடற்காற்றின் உப்புத்தான் இதற்குக் காரணம் என்பார் சிலர். நான் நடிகமணி வி. வி. வைரமுத்துவைத்தான் சொல்லுவேன். 1924இல் இந்த ஊரில் பிறந்தவர். வசந்தகான சபா என்ற நாடகக் குழுவை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அரிச்சந்திர மயான காண்டம் ஆடினார். ஆயிரக்கணக்கான மேடைகள். 1989இல் அவர் போய்விட்டார். குரலை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார். எங்கள் பஜனைக் குழுவில் அறுபது தாண்டிய ஆண்கள் ஒவ்வொருவரும் அந்தச் சொத்தைப் பங்கு பிரிக்காமல் முழுசாகத் தங்கள் பெயரில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் நடிகமணிக்குச் சீன் இழுத்தவர். இன்னொருவர் சோடா வாங்கிக் கொடுத்தவர். மூன்றாமவர், சிறுவயதில் மேடைக்கு முன்னால் பாய் விரித்து விடியவிடிய நித்திரை கொண்டவர். காதுக்குள்ளே இறங்கியது அவருக்குத்தான் அதிகம் என்பது அவருடைய வாதம்.

இதனால் எங்களிடம் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அது சுடலைக்குப் போய்த்தான் நிற்கும். பிரதம விருந்தினரை வரவேற்கும் பாட்டு, பல்லவியில் மங்களமாகத்தான் புறப்படும். அனுபல்லவியில் குரல் தழுதழுக்கும். சரணத்துக்கு வரும்போது சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். கழுத்தில் மாலையோடு நிற்கும் விருந்தினர், இது வரவேற்பா அஞ்சலியா என்று பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். விருந்தினர் பிந்தி வரும் விழா என்றால் இன்னும் சிக்கல். "வந்திட்டார், வந்திட்டார்" என்று வாசலில் இருந்து சைகை வரும்; பாடத் தொடங்குவோம்; வந்தது ஐஸ்கிறீம் வானாக இருக்கும். தொடங்கிய பாட்டை நிறுத்துவது அபசகுனம் என்பதால் ஐஸ்கிறீம்காரரை முழுதாக வரவேற்று முடிப்போம். ஊரில் எங்கள் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கியவர் அவர் ஒருவர்தான்.

குழுவைப் பழக்குவது ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர். சனசமூக நிலையத்தில், பத்திரிகை வாசிக்கிற மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பயிற்சி. முதல் அரை மணித்தியாலம் சுருதிப் பேச்சுவார்த்தை. ஆண்களுக்கு ஒரு கட்டை வேண்டும். பெண்களுக்கு ஐந்து கட்டை வேண்டும். இழுபறிப்பட்டு மூன்று கட்டையில் உடன்பாடு வரும். அதில் ஆண்களுக்குத் தொண்டை எட்டாது, பெண்களுக்குத் தொண்டை திறக்காது. இரு தரப்புக்கும் சம அளவு கஷ்டம் என்பதால் இந்நாட்டு உடன்படிக்கைகளுள் நீதியானது இதுதான் என்று நினைக்கிறேன். உடன்பாடு எட்டிய கையோடு காங்கேசன்துறை ஸ்ரேசனில் ரயில் கூவும். எங்கள் ஊரில் என்றைக்கும் ஒரே சுருதியில் நிற்பது அது மட்டும்தான்.

இந்தத் தொல்லைக்கு மேல்நாட்டார் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். உயர்ந்த குரலுக்கு ஒரு மெட்டு, தாழ்ந்த குரலுக்கு வேறு மெட்டு. இரண்டும் பொருந்தி ஒலிக்கும். தேவாலயப் பாடகர் குழுக்களில் கேட்டிருப்பீர்கள். சென்னையில் எம். பி. சீனிவாசன் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உண்டாக்கிப் பாரதி பாட்டுக்களையே அப்படிப் பாடவைத்தார். ரீச்சருக்கும் அந்த ஆசை வந்தது. ஒருநாள் குழுவை இரண்டாகப் பிரித்து, சோடா அண்ணையைப் பார்த்து, "நீங்கள் கீழ்க்குரல் பாடுங்கோ" என்றார்.

"என்ன பிள்ளை, என்னை ஏன் கீழை விட்டனீர்?"

"அது பாட்டிலை கீழ் அண்ணை. மரியாதையிலை இல்லை."

"அப்ப உவரை விடுமன் கீழை."

உவர் என்று சுட்டப்பட்டவர் சீன் இழுத்தவர். அவர் ஏற்கனவே எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் யாரையும் கீழே பாடவைக்க முடியாது என்ற உண்மையை அன்றைக்கு ரீச்சர் விளங்கிக்கொண்டார். அன்றிலிருந்து எல்லோரும் மேல்.

மேடையை விட எங்களுக்குத் தோதானது மார்கழிதான். திருவாதிரையில் முடிகிற திருவெம்பாவைப் பத்து நாளும் விடிவதற்கு முன் ஒழுங்கை ஒழுங்கையாகப் போவோம். முன்னால் சங்கு, பின்னால் சேமக்கலம், இரண்டுக்கும் நடுவில் நாங்கள், எங்களைச் சுற்றி நாய்கள். மாணிக்கவாசகர் பாடிய இருபது பாட்டும் கன்னிப்பெண்கள் கூற்று. முற்பகுதியில், விடிந்த பிறகும் படுக்கையை விடாத தோழியை வாசலில் நின்று கேலிபண்ணுகிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் கன்னியர், மங்கிக் குல்லாவும் மவ்ளரும் அணிந்து, கையில் ரோச் லைற்றோடு, முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வருவார்கள். எழுப்பப்படும் தோழி ஒரு பேரன். முதல்நாள் இரவு ரெண்டு மணி மட்டும் போனோடு இருந்தவன். "தாத்தா, ஸ்பீக்கரை அங்காலை திருப்புங்கோ" என்பான். தாய்லாந்து அரண்மனை அந்தணர்கள் இதே திருவெம்பாவையைப் பொருள் தெரியாமலே தலைமுறை தலைமுறையாக ஓதி வருகிறார்களாம். எங்களுக்குப் பொருள் தெரியும். அதனால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாடுகிறோம்.

பாட்டு முடிகிற வீட்டில் பிளேன்ரீயும் அவித்த கடலையும் கிடைக்கும். எந்த வீட்டில் இஞ்சி போடுவார்கள் என்பது தெரிந்தபடியால், அந்தப் படலையடியில் பாட்டைக் கொஞ்சம் நீட்டுவோம்.

ஆள் இல்லாத வீடுகளுக்கு முன்னாலும் நிற்போம். 1990 ஜூனில் ஊரோடு எழும்பிப் போனவர்கள் நாங்கள். இருபது வருசத்துக்கு மேல் இந்த ஒழுங்கைகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன. யாரும் யாரையும் எழுப்பவில்லை. பிறகு துண்டு துண்டாகக் காணி விட்டார்கள். 2015 தையில் ரயில் திரும்பவும் வந்தது. சனமும் வந்தது, ஆனால் எல்லோரும் இல்லை. ஒரு வீட்டில் விளக்கு எரியும். பக்கத்து வீட்டில் ஆலமரம் குடியிருக்கும். அந்த வீட்டுச் சொந்தக்காரர் கனடாவில், ஸ்காபரோவில். இங்கே விடியப்புறம் நாலரை என்றால் அங்கே முதல்நாள் பின்னேரம் ஆறு. சேமக்கல அண்ணை வட்ஸ்அப்பில் அழைத்து, போனைப் படலைக்கு நேரே பிடிப்பார். சிறிய திரையில் ஒரு வழுக்கைத் தலை, கையில் தேத்தண்ணிக் கோப்பை. தன் வீட்டு வாசலில் நடக்கும் பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொல்லுவார்: "சுருதி காணாது." எட்டாயிரம் மைலுக்கு மேல் தள்ளியிருந்தாலும் அவரும் எங்கள் ஊர்க்காரர், அவரிடமும் நடிகமணி இருக்கிறார்.

இப்படியான குழு போட்டிக்குப் போகலாமா? போனோம். நடுவர்கள் பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்பார்ப்பது, பல பேர் ஒரு குரலாக மறைந்துபோவதை. எங்கள் ஆட்களோ எத்தனையோ வருசம் ஊரில் காணாமல் இருந்தவர்கள். இனி மறையச் சொன்னால் மறைவார்களா? ஒவ்வொருவரும் தான் வந்திருப்பது கடைசி வரிசை வரைக்கும் கேட்கவேண்டும் என்று பாடினார்கள். ஒருவர் பாட்டை முடித்த பிறகும் இன்னொருவர் பாடிக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் முதலாமவர், விட்ட இடத்தில் ஒரு சங்கதி சேர்த்தார். ரீச்சர் கைகூப்பிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். பாட்டு அதற்குப் பிறகுதான் நின்றது.

இடம் எதுவும் கிடைக்கவில்லை. புள்ளித்தாளின் அடியில் நடுவர் இரண்டு வசனம் எழுதியிருந்தார்: "குரல்கள் தனித்தனியே சிறப்பு. ஒற்றுமை போதாது." குழுவின் பொதுக்கூட்டத்தில் முதல் வசனம் பலத்த கைதட்டலோடு வரவேற்கப்பட்டது. இரண்டாவது அச்சுப்பிழையாக இருக்கலாம் என்று தீர்மானிக்கப்பட்டது. முதல் வசனத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, கீழே பாடகர் பெயர்களோடு சனசமூக நிலைய வாசலில் பனர் கட்டுவதற்குப் பிரேரணை வந்தது. எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறியது. எங்கள் குழு ஒரே குரலில் முடித்த காரியம் அது ஒன்றுதான்.

பெயர்களை எந்த ஒழுங்கில் போடுவது என்பதில் திரும்பவும் மூன்று கட்டைக்கு வந்துவிட்டோம். ரீச்சர், அகரவரிசை என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த நாள் காலை சோடா அண்ணை தன் பெயரைக் கடதாசியில் எழுதிக்கொண்டு வந்தார். பெயருக்கு முன்னால் "அமுதகான" என்று ஒரு பட்டம் முளைத்திருந்தது. சீன் அண்ணை அதை வாசித்துவிட்டுப் பேனையை வாங்கி, தன் பெயருக்கு முன்னால் "அகில இலங்கை" என்று எழுதினார்.