எதிரே நிற்பவள்

அக்கா கராத்தேயில் பிளாக் பெல்ட் எடுத்தபோது ஷா ஆலம் நீல மசூதி இன்னும் கட்டி முடியவில்லை. ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்டது 1978 டிசம்பரில். அதற்குப் பிறகும் பல வருஷம் பாடாங் ஜாவா பக்கம் செம்மண் மேடும் செம்பனையும்தான். அவர் என் கூடப்பிறந்தவர் இல்லை. டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், எனக்கு மூத்தவர், அவ்வளவுதான். ஆனால் வேறு எந்த முறையிலும் அவரை நான் கூப்பிட்டதில்லை.

அந்த நாளில் கிரேடிங் தேர்வுக்குத் தயாராவது என்றால் தனியாகத் தயாராவதுதான். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பிக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் அக்கா பஸ்ஸாய் டாய் என்ற கத்தாவை, தனியாளாகச் செய்யும் அசைவுத் தொடரை, திரும்பத் திரும்பச் செய்வார். அவர் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "கை கால ஒடிச்சிக்கிட்டா எவன்டி கட்டிக்குவான்" என்பார். பயிற்சி மண்டபத்தில் சிமெண்டுத் தரை. நடுவில் தண்ணீர் குடித்தால் உடம்பு தளர்ந்துபோகும் என்று எல்லாரும் நம்பினார்கள். நாக்கு வறண்டு ஒட்டும், ஆனாலும் யாரும் பாட்டிலைத் தொட மாட்டோம். தேர்வு நாளன்று யார் எதிரே வருவார் என்பது எங்கள் ஆசான், சென்சே, கைகாட்டும்போதுதான் தெரியும். நான் அப்போது பச்சை பெல்ட். சுவரோரம் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தேன். வாசலில் அக்காவின் மாமா மோட்டார் சைக்கிளோடு காத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அக்கா அறுபதை நெருங்குகிறார். பிளாக் பெல்ட்டின் நான்காம் படியான நான்காம் டான் எழுத முடிவெடுத்தார். 'எழுதுவது' என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள், பேனா இல்லாத தேர்வானாலும். நடுவில் கல்யாணம், பிள்ளைகள், மாமியாருக்கு நீண்ட நாள் பணிவிடை. இரண்டாம் டானும் மூன்றாம் டானும் அவருக்குத் தாமதமாகத்தான் வந்தன. வசதிகளோ கூடியிருக்கின்றன. தரையில் ரப்பர் பாய், முழங்காலுக்கு ஒட்டும் பட்டை, பல்லுக்குக் காப்பு, செய்த அசைவை உடனே மெதுவாக ஓட்டிப் பார்க்கக் கைப்பேசி. தண்ணீர் குடிக்கச் சொல்லி சென்சேயே விசில் ஊதுகிறார்.

கிடைக்காமல் போனது ஒன்றுதான்: உண்மையாகக் குத்துகிற ஆள்.

வகுப்பில் இளைஞர்களுக்குக் குறைவில்லை. கை வேகமும் இருக்கிறது. ஆனால் அக்காவுக்கு எதிரே நிறுத்தினால் "சோரி ஆன்ட்டி" என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு, அரை அடி முன்னாலேயே முஷ்டியை நிறுத்திவிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள், வளர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மரியாதையால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஜியூ இப்போன் என்று ஒரு பயிற்சி. தாக்குகிறவர் "ஜோடான்" என்று உரக்கச் சொல்லிவிட்டு முகத்துக்குக் குத்த வேண்டும். எங்கே வரப்போகிறது என்பது எதிரே நிற்பவருக்குத் தெரியும். எப்போது என்பது மட்டும் தெரியாது. இருவரும் தூரத்தை அளந்தபடி அசைந்துகொண்டே இருப்பார்கள். தடுக்காமல் விட்டால் முஷ்டி தோலைத் தொட வேண்டும். அந்தத் தூரத்தில் வந்தால்தான் தடுப்புக்கு அர்த்தம். அரை அடி குறைவாக வரும் குத்தைத் தடுத்துப் பழகியவருக்குத் தேர்வு மேடையில் கணக்கே தப்பிவிடும்.

அதனால் அவருக்கு எதிரே நான் நின்றேன். முதல் வாரம் நானும் கொஞ்சம் பார்த்துத்தான் போனேன். அவர் கையை இறக்கிவிட்டார்.

"என்னடி, சாமி கும்பிட வந்தியா? குத்து."

"முட்டி வலிக்குதுன்னு சொன்னீங்களே, க்கா."

"முட்டி எம் முட்டி. நீ மூஞ்சிக்கு வா."

அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள், தாமான் தாசிக் ஏரிக்கரையில் விடியற்காலை. எதிரே நிற்பவளுக்கு மட்டும் தெரியும் சில விஷயங்கள் இருக்கின்றன. அக்கா நகரப்போவதற்கு ஒரு கணம் முன்னால் வலது குதிகால் தரையை விட்டு மெல்ல எழும். உதடு இறுகும். கைப்பேசியில் பத்து முறை ஓட்டினாலும் அது சாதாரண அசைவாகத்தான் தெரியும். எனக்கோ அது 'இதோ வருகிறேன்' என்று சொல்கிற மாதிரி. அந்தக் குதிகால் எழும்போதெல்லாம் நான் முந்திக்கொண்டு உள்ளே போனேன். திட்டினார். திரும்பப் போனேன். ஒரு மாதத்தில் குதிகால் அடங்கியது.

தேர்வில் செய்யும் கத்தாவுக்கு சோச்சின் எடுத்தார். உன்சு என்ற கத்தாவில் காற்றில் சுழன்று தாவ வேண்டும், அந்த முட்டிக்கு அது வேண்டாம். சோச்சினில் இரண்டு முழங்காலும் ஒரே அளவு மடங்கி, எடை நடுவில் நின்று, மெதுவாகத் தொடங்கித் திடீரென்று வெடிக்கும். இளம் வயதுக்காரர்கள் அதில் வேகத்தைக் காட்டிவிடுவார்கள். அக்காவிடம் அந்த மெதுவில் கனம் இருந்தது.

கராத்தேயில் இந்த டான் வரிசையே ஜூடோவிலிருந்து வந்தது. ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ 1883-இல் முதல் டான் கொடுத்தார். ஒக்கினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்த கராத்தே ஆசான் ஃபுனாகோஷி 1922-இல் தோக்கியோவுக்குப் போய், 1924-இல் தம் மாணவர்களுக்கு அதைக் கொடுத்தார். அவர் கற்றதும் கற்பித்ததும் பெரும்பாலும் கத்தாதான். இருவர் எதிரெதிரே நின்று மோதும் பயிற்சியை மாணவர்கள்தான் பிற்பாடு வற்புறுத்தி வளர்த்தார்கள். அவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

நம் பெண்கள் கராத்தேயில் எங்கேயோ போய்விட்டார்கள். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் மலேசியாவின் ஷாமளாராணி தங்கம் வாங்கியபோது அக்கா வீட்டில் கேசரி கிண்டினார்கள். ஆனால் பதக்க வயது தாண்டிய பெண்களின் கதை வேறு. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பிளாக் பெல்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்ட எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். பிள்ளைகள் வளர்ந்தபின் திரும்பி வர ஆசைப்படுகிறார்கள். வந்தால் பின்வரிசையில் நிறுத்தி, உடற்பயிற்சிக்கு வந்தவர்களாக நடத்துகிறார்கள். மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்களோடு யாரும் சரியாக மோதவில்லை, அதுதான் நடந்தது.

தேர்வன்று எனக்கு மேடையில் வேலையில்லை, பார்ப்பது மட்டும்தான். அவருக்கு எதிரே நிறுத்தியது இருபது வயது தாண்டாத ஒரு பையனை. தேர்வுக்குழு முன்னால் ஆன்ட்டி, அங்கிள் கிடையாது. "ஜோடான்" என்று கத்திக்கொண்டு முழு நீளத்துக்கு வந்தான். அக்கா பின்வாங்கவில்லை. குதிகால் எழவில்லை. குத்து பாதி வழியில் இருக்கும்போதே இடது கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் முஷ்டி பையனின் விலா எலும்பை ஒட்டி நின்றது. அவனும் நல்லவன், குனிந்து வணங்கியபோது முகம் மலர்ந்திருந்தது.

தேறிவிட்டார். வெளியே வந்து மாமாக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்தபடி அவர் சொன்ன முதல் விஷயம், இரண்டாவது குத்துக்குத் தாம் கொஞ்சம் பிந்திவிட்டதாக. எனக்கும் அது தெரிந்திருந்தது.

இப்போது ஏரிக்கரைக்கு இன்னும் இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருவர் மேருவிலிருந்து, பதினெட்டு வருஷம் விட்டுவிட்டு வந்தவர், இரண்டாம் டானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். அவருக்கு எதிரே யார் நிற்பது என்று அக்காவுக்கும் எனக்கும் இந்த வாரம் முழுக்க வாக்குவாதம். அக்கா தமக்குத்தான் உரிமை என்கிறார், முட்டியைக் காட்டி நான் தடுக்கிறேன்.