ராஜகிரிக்கு யாரும் லீவு போடுவதில்லை

திண்டிவனத்து இளைஞர்களுக்கு இப்போது மலை என்றால் உத்தரகாண்டில்தான். கேதார்கந்தா, 12,500 அடி. ஊன்றுகோல், கம்பளிக் குல்லா, பனியில் வழுக்காத பூட்ஸ் எல்லாம் ஆன்லைனில் வந்து இறங்குகின்றன. முதுகில் மூட்டையோடு மொட்டை மாடிப் படியில் பயிற்சி வேறு, எதிர்வீட்டுக்காரர் பார்க்கிற நேரமாகப் பார்த்து.

முப்பது கிலோமீட்டருக்குள் செஞ்சிக் கோட்டை இருக்கிறதே என்றால், "அங்கே வெயில் சார்!"

வெயில்தான். கோட்டை மலையான ராஜகிரி சுமார் 800 அடி, செங்குத்துப் படிகள், பிஸ்கட் பொட்டலத்துக்குச் சுங்கம் வசூலிக்கும் குரங்குகள். ஆனால் வயதில் இமயம் இதற்குக் கொள்ளுப் பேரன்கூட இல்லை. அது எழத் தொடங்கி சுமார் 5 கோடி ஆண்டுதான். செஞ்சிப் பாறைக்குச் சுமார் 250 கோடி.

முகலாயப் படை இங்கே நுழைய 1690 முதல் 1698 வரை காத்துக் கிடந்தது. நம்மவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அன்றைக்குத்தான் வீட்டில் பிரியாணி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு கொஞ்சம் கூட்டம். அதிலும் பாதிப் பேர் அடிவாரத்துக் கல்யாண மகாலோடு செல்ஃபியை முடித்துக்கொண்டு, கேதார்கந்தாவுக்கு எப்போது சீசன் என்று விசாரிக்கிறார்கள்.