தூண் மறைவில் ஒரு விசுவாசி

தனியாக இருக்கும்போது நான் நல்ல கிறிஸ்தவன். காலை ஜெபம், வேத வாசிப்பு எல்லாம் ஒழுங்காக நடக்கும். சபை என்று நாலு பேர் சேர்ந்துவிட்டால்தான் சாயம் வெளுக்கிறது. திருச்சபை நாட்காட்டியோ வருஷம் முழுக்க ஏதாவது காரணம் சொல்லி என்னை அந்த நாலு பேரிடமே கொண்டுபோய் நிறுத்துகிறது.

லெந்துக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள். ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அன்று உபவாசம் இல்லை என்பது பழைய மரபு. வேறெந்த மரபையும்விட இதை நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறேன். ஆராதனை முடிந்ததும் நேராகக் கேம்ப் ரோடு பிரியாணிக் கடைக்குப் போனால், வரிசையில் எனக்கு முன்னால் சபைப் பெரியவர் ஒருவர். இருவரும் விலைப்பட்டியலை மிகுந்த பக்தியோடு வாசித்தோம்.

பெரிய வெள்ளி ஆராதனை பகல் 12 முதல் 3 வரை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காவதில் கண்ணயர்ந்தவன், தாகத்தைப் பற்றிய ஐந்தாவதில்தான் விழித்தேன், அதுவும் ஜி.எஸ்.டி. ரோட்டு நுங்கு வண்டி நினைவில். “தூங்குங்க, குறட்டை மட்டும் வேணாம் தம்பி” என்று பக்கத்து ஆச்சி தன் விசிறியை என் பக்கம் திருப்பினார்.

இதெல்லாம் எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள கணக்கு. பூசணிக்காய் விவகாரம் அப்படியல்ல.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்கு முடிச்சூர் அண்ணாச்சி ஒருவர் கேட்டார். நான் ஏற்றினேன். அவரும் ஏற்றினார். காய் இரண்டு பேருக்குமே தேவையில்லை என்பது எப்போதோ தெரிந்துவிட்டது. கோயம்பேட்டில் ஒரு மூட்டையே வாங்கக்கூடிய விலைக்கு வந்ததும் அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏலப் பணம் சபைக்குத்தான். ஆகவே அகங்காரத்துக்கும் காணிக்கை என்றே ரசீது கிடைத்தது. வீட்டில் கூட்டு, சாம்பார், அல்வா என்று அந்தக் காய் தீரவே இல்லை. அண்ணாச்சியோடு பேச்சு தீர்ந்துபோனது.

சிக்கல் திருவிருந்து ஞாயிறுகளில். தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் அமைத்த திருவிருந்து ஆராதனை முறையில், கேரள சிரியன் மரபிலிருந்து சமாதானம் கொடுக்கும் வழக்கத்தை எடுத்துச் சேர்த்தார்கள். வலது உள்ளங்கையை எதிராளியின் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இருவரும் இடது கையால் மூட வேண்டும். பீடத்தில் தொடங்கி, பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி வரும். ஆங்கிலிக்கனும் மெதடிஸ்ட்டும் பிரெஸ்பிடேரியனும் காங்கிரிகேஷனலும் 1947 செப்டம்பர் 27 அன்று ஒரே சபையாகிவிட்டார்கள். எங்கள் இருவரால் ஒரு பூசணிக்காயைத் தாண்ட முடியவில்லை. அண்ணாச்சி வழியாகச் சமாதானம் என்னிடம் வந்துவிடாதபடி, பெஞ்சுகளைக் கணக்குப் போட்டுத் தூண் ஓரமாக இடம் பார்த்துக்கொண்டேன். அங்கே ஃபேன் காற்று வராது. பரவாயில்லை.

அப்புறம் டிசம்பர். 1938 டிசம்பரில் எங்கள் தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஏறத்தாழ 470 பேர், பலர் கப்பலேறி வந்து, கிறிஸ்துமஸையும் இங்கேயே கொண்டாடினார்கள். நானோ சேலையூரில் என் வீட்டு வாசலுக்கே வரமாட்டேன். கேரல் ரவுண்ட்ஸ் வேன் நள்ளிரவு தாண்டி எங்கள் தெருவில் திரும்பி, டிரம் சத்தத்துக்கு நாய்களெல்லாம் எசப்பாட்டுப் பாடத் தொடங்கியதும் விளக்கை அணைத்துப் போர்த்திக்கொண்டேன். என் மனைவி விளக்கைப் போட்டுக் கதவையும் திறந்தாள். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா உள்ளே வந்து, கேக் தட்டைப் பார்த்து, “பூசணிக்காய் அல்வா மிச்சம் இருக்கா?” என்றார். முடிச்சூர்க் குரல்.

அதற்கடுத்த திருவிருந்து ஞாயிறு சற்றுத் தாமதமாகப் போனேன். தூண் ஓரத்தில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

“இங்க ஃபேன் காத்து வராது அண்ணாச்சி.”

“தெரியும். நீங்க முன்னாடி உக்காருவீங்கன்னுதான் இங்க வந்தேன்” என்றார், சற்றே நகர்ந்தபடி.