அரை டன் வெள்ளியும் ஒரு மாம்பழ ஃபோர்க்கும்

கணவருடைய சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிற மனைவி, ஞாபகார்த்தமாக என்ன கேட்பார்? சின்னதாக ஒரு கல்? லூயிஸ் மெக்கே, ‘இந்த வெள்ளியிலேயே டின்னர் செட்’ என்று கேட்டாராம்!

கணவர் ஜான் மெக்கே டப்ளினில் பிறந்த ஏழை. நெவாடாவில் கூலிக்கு மண் வெட்டி, கடைசியில் அங்கே காம்ஸ்டாக் சுரங்க வெள்ளியால் கோடீஸ்வரர் ஆனவர். மறுப்பாரா? அரை டன் வெள்ளி நியூயார்க்கின் டிஃபனி கம்பெனிக்குப் போனது. 200 பேர் ஏறக்குறைய இரண்டு வருடம் தட்டித் தட்டி, 1,250 உருப்படிகள் செய்தார்கள். பட்டாளத்துக்கே விருந்து போலிருக்கிறது என்று நினைக்காதீர்கள். சாப்பிடப் போவது 24 பேர்!

அம்மணிக்கு ஏன் இந்த வீம்பு? முதல் கணவரை இழந்து, குழந்தையோடு, தையல் வேலை செய்து பிழைத்தவர் அவர். பணம் வந்த பிறகும் நியூயார்க் சீமாட்டிகள் அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். ‘போங்கடி!’ என்று பாரிஸுக்கே குடிபோய்விட்டார். 1878 பாரிஸ் கண்காட்சியில் அந்த செட் ஜொலித்தது. பார்ட்டி வைக்க ‘ஆர்க் டி ட்ரியம்ஃப்’ வளைவையே விலை பேசினார் என்றுகூட ஊர் வம்பளந்தது. நடந்திருக்காது. ஆனால் ‘இந்த அம்மா செய்தாலும் செய்வார்’ என்று பாரிஸ் நம்பியதே, அது போதாதா?

மெக்கேக்களை மட்டும் குறை சொல்வானேன். வெள்ளி மலிந்ததும் நடுத்தர வர்க்கத்துக்கும் ஜுரம் வந்தது. போனுக்கு ஒரு சார்ஜர், வாட்ச்சுக்கு ஒரு சார்ஜர் மாதிரி, மத்திக்கு ஒரு ஃபோர்க், ஆமைக்கறிக்கு ஒரு ஃபோர்க், ஐஸ்கிரீமுக்கும் (சத்தியமாக!) ஒரு ஃபோர்க். மாம்பழத்துக்குக்கூட உண்டு: நடு முள் மட்டும் நீளமாக, கொட்டையைக் குத்திப் பிடிப்பதற்கு! கொட்டையைச் சப்புவதுதான் மாம்பழமே என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, பாவம்.

டவுல் என்ற கம்பெனி ஒரே டிசைனில் 131 விதம் செய்து விற்றது. டிசைனின் பெயர்? ‘ஜார்ஜியன்’. ஜார்ஜ் மன்னனே வேண்டாம் என்று துப்பாக்கி தூக்கிச் சுதந்திரம் வாங்கிய அதே நாட்டில்தான்!

1920களில் வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர் தலையிட்டு, ‘டிசைனுக்கு 55 விதம் போதுமப்பா’ என்றார். அப்புறம் அவரே ஜனாதிபதி ஆனார். பெருமந்தம் வந்தது. எந்த ஃபோர்க்கால் சாப்பிடுவது என்ற கவலை போய், எதைச் சாப்பிடுவது என்று ஆகிவிட்டது.

அடுத்த கூத்து டெக்சாஸில். ஹன்ட் சகோதரர்கள் என்ற பணக்காரர்கள் வெள்ளியை வாங்கி வாங்கிக் குவித்ததில், 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. ஜனங்கள் பாட்டி வைத்துவிட்டுப்போன டீபாட், கரண்டி எல்லாவற்றையும் உருக்கக் கொடுத்தார்கள். மார்ச்சில் விலை தடாலென்று விழுந்தது. ஹன்ட் சகோதரர்களும்தான்.

உருகாமல் தப்பியதைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் துரத்துகிறார்கள். அதிலும் ஒரு குசும்பு. ஒழுங்காகச் சாப்பிட உதவும் சாதா டீஸ்பூனைச் சீந்த ஆளில்லை; எதற்கென்றே புரியாத உருப்படிக்குத்தான் கிராக்கி. ‘சரடோகா சிப்ஸ் சர்வர்’ என்று ஒன்று இருக்கிறது. உருளைக்கிழங்கு சிப்ஸை நாசூக்காக அள்ளிப்போட, அகலமான வெள்ளிக் கரண்டி. ஆசைஆசையாக வாங்கியவர் அதில் சிப்ஸ் அள்ளுவாரா? மூச்! உப்புப் பட்டால் வெள்ளி அரித்துவிடும்.