சொட்டுப் புராணம்

பழைய புல்லட்காரர் வீட்டுக்குப் போக விலாசம் தேவையில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும். எந்த வாசலில் கறுப்பாக நாலு பொட்டும் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டித் துண்டும் கிடக்கின்றனவோ அதுதான் வீடு. எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அந்த அட்டை என்னுடையது. காலையில் நேற்றைய சொட்டோடு இன்றைய சொட்டை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குப் பேப்பர், காபி எல்லாம். "வண்டிக்கு டயப்பர் மாட்டிடுங்களேன் சார்" என்பார் அசோசியேஷன் செயலாளர். அவருடையது ஸ்கூட்டர்.

என் வண்டி எழுபதுகளில் திருவொற்றியூரில் பிறந்தது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்து, பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். வார்ப்பிரும்பு சிலிண்டரும் வலது கால் கியரும் மட்டும் மாறவில்லை. செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது வயதில் யாருக்குத்தான் மூட்டு சரியாக இருக்கிறது?

அந்தக் காலத்து பிரிட்டிஷ் எஞ்சின்களில் கிராங்க்கேஸ் இடம் வலமாக இரண்டு பாதியாக இருக்கும். இரண்டும் சேரும் கோடு அடிவயிறு வழியாகப் போகும். ஆயில் தேங்குவதும் அங்கேதான். 1969-இல் ஹோண்டாவின் சிபி 750 வந்தது. அதில் கிராங்க்கேஸை மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பிரித்துவிட்டார்கள். அடிவயிற்றில் கோடும் இல்லை, ஒழுக்கும் இல்லை. பனியன் வேஸ்ட் விற்பவர் வயிற்றில் ஜப்பான்காரர் அடித்தது இப்படித்தான்.

ஒழுகும் வண்டிக்கு நம் ஊரில் ஒரே மருந்து பேஸ்ட். எங்கள் தெரு மெக்கானிக் பல்லுக்குக்கூட அதைத்தான் வைப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். டாப்பெட் மூடியில் ஒழுகினால் பேஸ்ட். அதை அடைத்தால் சிலிண்டர் அடியில் ஒழுகும், அங்கும் பேஸ்ட். அதையும் அடைத்தால் க்ளட்ச் கவரில் வரும். அந்தக் கவரைப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டு. ஒழுகுகிறதே என்று அதை முறுக்கினால் கவர் வளைந்து இன்னும் தாராளமாக ஒழுகும். நம்மவருக்குக் கைபலம் வேறு அதிகம். கேட்டால், "ஒழுகுதுன்னா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம் சார்" என்பார். பழைய புல்லட் வைத்திருக்கும் எவரும் இந்த வசனத்திலிருந்து தப்பியதில்லை.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் காயவிட்டு, டால்கம் பவுடரைத் தூவி, ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். ஈரமான இடம் காட்டிக்கொடுத்துவிடும். "என் பவுடர் டப்பா எங்கே?" என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் தயாரித்துக்கொள்வது நல்லது. என் வண்டியில் பவுடர் எல்லா இடத்திலும் நனைந்திருந்தது.

கடைசியில் புதுப்பேட்டையில் வயதான மெக்கானிக் பாய் ஒருவர் வண்டியைத் தொடாமலே சொன்னார்: "பேக்கிங்க வுடு தம்பி. வண்டி மூச்சு வுடுதான்னு பாத்தியா?"

அதுதான் விஷயம். 350 புல்லட்டின் பிஸ்டன் ஒவ்வொரு தடவை கீழே இறங்கும்போதும் 346 சிசி காற்றைக் கிராங்க்கேஸுக்குள் அமுக்குகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், நொடிக்கு 50 தடவை. இந்தக் காற்று வெளியேறத்தான் ப்ரீதர் குழாய். அதன் நுனியில் வாத்து அலகு வடிவத்தில் ஒரு ரப்பர். காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. அது காய்ந்து ஒட்டிக்கொண்டால் காற்று வேறு எந்தச் சந்து கிடைத்தாலும் நுழைந்துவிடும், ஆயிலையும் கூட்டிக்கொண்டு. என் வண்டியில் அந்த ரப்பர் கருவாடாகிக் கிடந்தது. புதிதாக மாற்றியதும் பார்க்கிங்கில் ஒரே ஒரு பொட்டுதான் மிச்சம். அதற்குப் பேஸ்ட் வைக்கச் சொன்னதற்கு, "அது கெடக்கட்டும், அழகா இருக்கு" என்றார் பாய்.

இன்னொரு கூத்தும் உண்டு. இந்த வண்டிக்குத் தனி ஆயில் டேங்க் கிடையாது. கிராங்க்கேஸுக்குள்ளேயே ஓர் அறைதான். வண்டி ரொம்ப நாள் நின்றால், ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து ஃப்ளைவீல் பக்கம் போய்விடும். அளவுக்குச்சியைப் பார்த்துவிட்டு, ஆயிலே காணோமே என்று பதறி அரை லிட்டர் ஊற்றுவார்கள். உதைத்து ஸ்டார்ட் செய்ததும் ஓடிப்போன ஆயில் வீடு திரும்பும். வந்த விருந்தாளிக்கு இடம் இருக்காது. ப்ரீதர் வழியாக வெளியே கொட்டும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அளவு பாருங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களே, பேஸ்ட் டியூபுக்கு முன்னால் ப்ரீதர் ரப்பரை வாங்குங்கள். சிமென்ட் தரைக் கறைக்கு மரத்தூளைத் தூவி ஒரு ராத்திரி விடலாம். கிரானைட் பதித்த பார்க்கிங் என்றால், மாதம் பிறந்ததும் முதல் ஆளாக மெயின்டனன்ஸ் பணத்தைக் கட்டிவிடுங்கள்.