பேர் சொல்லக் கூலி

என்ன மனே, ரெண்டு நாளாப் போனோட குசுகுசுக்கிறாய்? மச்சாள்ட பிறந்தநாளுக்கு இந்திய நடிகன் ஒருத்தனக் கொண்டு வாழ்த்துச் சொல்லுவிக்கப் போறியாமே. காசு கட்டினா அவள்ட பேரச் சொல்லி, கையசைச்சு, ஒரு முத்தத்தையும் பறக்க விடுவானாம். செய் ராசா, நான் மறிக்கல்ல. உன்ட மச்சாளுக்கு இன்னொருத்தன் முத்தம் குடுக்க நீ காசு கட்டுறாய். அதுக்குப் பெரிய மனசு வேணும்.

இந்தக் கூலி நம்மட வாவிக்கரைக்குப் புதினமில்ல. வடமோடிக் கூத்து அரங்கேறினா, மறுகா வீட்டுக்கு வீடு போய் ஆடுவாங்க. கரப்புடுப்புக் கட்டின தருமர் நம்மட வாசல்ல நிண்டு ஆடுவார். நாம நெல்லோ காசோ குடுப்பம், அது கூத்துப் பழக்கின அண்ணாவியாருக்குச் சேரும். ஆனா அந்தத் தருமர் ஆரு? முந்தாநாள் உன்ட அப்பனிட்ட வலை இரவல் வாங்கிக் கிழிச்சவன். முடியக் கழட்டின கையோட அவனிட்ட வலைக்காசு கேக்கலாம். உன்ட நடிகனிட்ட என்னத்தக் கேப்பாய்?

உன்ட அம்மாட அஞ்சாம் பிறந்தநாளுக்கு நான் இலங்கை வானொலிக்குத் தபாலட்டை போட்டன். அம்மப்பா, அம்மம்மா, பெரியம்மா, மாமாமார் எண்டு அட்டை நிறையப் பேர். எல்லாத்தையும் வாசிச்சாங்க. ஒரு மாமன்ட பேர எழுத மறந்தது நான்தான். அந்த மனிசன் மறுகா நம்மட கலியாணவீட்டுக்கும் வரல்ல, வேலிக் கதியாலையும் ரெண்டடி இஞ்சால தள்ளி நட்டிட்டார். ஒரு அட்டைக்காசு, பத்து வருசப் பகை. நீ கட்டப்போற காசுக்கு எத்தின வேலி போகுமோ!

நீ காசு கட்டப்போற இந்த வாழ்த்து யாவாரத்தப் பெரிசாக்கினது சிக்காகோவில 2017ல தொடங்கின கெமியோ எண்ட கம்பனி. இந்தியாவில ட்றிங் 2020ல வந்தது. மீன் தரகன் மாதிரி கெமியோவும் நாலில ஒரு பங்க எடுத்திட்டு மிச்சத்த ஆளுக்குக் குடுக்கும். கொரோனாவில எல்லாரும் வீட்டுக்குள்ள கிடந்த 2020ல, ‘தி ஒஃபிஸ்’ தொடரில கணக்கப்பிள்ளையா நடிச்ச பிறையன் பாம்கார்ட்னர் இதில மட்டும் பத்து லட்சம் டொலருக்கு மேல உழைச்சிட்டார். ஆடினாலும் பாடினாலும் கணக்கப்பிள்ளை கணக்கப்பிள்ளைதான்.

வாசிக்கிறவனுக்கு உன்னத் தெரியாது மனே. சீட்டில என்ன இரிக்கோ அதச் சொல்லுவான். 2023ல நடிகர் இலைஜா வுட்டயும் இன்னும் சில பிரபலங்களையும் பிடிச்சு, ‘விளாடிமிர்’ எண்ட ஒருத்தனுக்குப் போதையை விடச் சொல்லி நாலு நல்ல வார்த்தை வாங்கினாங்க. பாவம், அவங்களும் மனசாரச் சொன்னாங்க. மறுகா அத வெட்டி ஒட்டி, உக்ரேன் அதிபர் செலன்ஸ்கிக்குச் சொன்ன புத்தி போலப் பரப்பிட்டாங்க. ரசியச் சார்புப் பிரசாரம் எண்டு மைக்ரோசொஃப்ட் அந்த டிசம்பரில வெளியிட்டப்பதான் குட்டு உடைஞ்சது.

கெமியோ மட்டும் என்ன? 2021ல நூறு கோடி டொலர் பெறுமதியெண்டு நெஞ்ச நிமிர்த்தினது. 2024ல, காசு வாங்கிச் செய்த விளம்பரத்த விளம்பரமெண்டு சொல்லாததுக்கு அமெரிக்காவில முப்பது மாநிலம் சேந்து ஆறு லட்சம் டொலர் தண்டம் போட்டிச்சு. கட்ட வழியில்லாம ஒரு லட்சத்தோட முடிச்சாங்க. வயல் நிறைய வச்சிருந்த போடிமார் முறிஞ்ச கதை நாம பாக்காததா?

சரி, கட்டுறதெண்டு முடிவெடுத்திட்டாய். அப்ப எனக்கும் ஒரு வரி போடு. ‘போடியார் ஐயா சுகமா இரிக்கிறாரா?’ எண்டு நடிகன் கேக்கட்டும். எனக்கு ஒரு வரம்பு கூடச் சொந்தமில்லையெண்டு அவனுக்குத் தெரியவா போகுது? கனடாவில இரிக்கிற சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பி விடு. உன்ட மாமனிட்ட மட்டும் காட்டிப் போடாத. அவனுக்கு என்னைத் தெரியும்.