கேரியர் ஆக்கிரமிப்பை அகற்றக் கோரும் மனு (என்னுடையது நீங்கலாக)

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
பைலட்ஸ் ஃபெடரேஷன்,
ஜேம்சன் மெமோரியல் நிலையம்,
ஷின்ரார்ட்டா டெஸ்ரா.

பொருள்: ‘எலீட் டேஞ்சரஸ்’ கணினி விளையாட்டின் விண்வெளியில் கமாண்டர்கள் எனப்படும் ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்திருக்கும், கப்பல்களைச் சுமக்கும் பெருங்கப்பல்களான ஃப்ளீட் கேரியர்களை அப்புறப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து இதே ஆள் அனுப்பிய முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் அலுவலகம் வைத்திருக்கும் மண்டலத்துக்குள் வர அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டுக்கு எலீட் பட்டம் வேண்டும். ஆகவே வாசலுக்கு வெளியே ஊர் எப்படிக் கிடக்கிறது என்பதைத் தங்கள் காதுக்கு யாரும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். கூலி எதுவும் வேண்டாம். மனுவின் கடைசியில் சின்னதாக ஒரு வேண்டுகோள் இருக்கிறது, அவ்வளவுதான்.

டெசியாட் மண்டலத்துக்கு ஒரு புதுப் பையன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தே தீருவான். ஃபெலிசிட்டி ஃபார்சியர் அம்மையார் பட்டறை போட்டிருப்பது அங்கேதான். கப்பலின் தாவும் தூரத்தைக் கூட்டிக்கொள்ளப் புதியவர்கள் முதலில் ஓடுவது அவரிடம்தான். அம்மையாருக்குக் காணிக்கையாக மெட்டா-அலாய் என்ற சரக்கு ஒன்று கொண்டுபோக வேண்டும். பையன் அதைச் சரக்கறையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, கோளை நோக்கிப் பறந்தபடியே இடதுபக்கப் பலகையைத் திறந்து பட்டறையைத் தேடுகிறான்.

கோளின் பெயர் ஒரு வரி. அதன் கீழே ஒரு கேரியர். அதற்கும் கீழே இன்னொரு கேரியர். யாரோ பூனைக்கு வைத்த பெயர், பக்கத்தில் பதிவு எண். யாரோ மனைவிக்குப் பயந்து வைத்த பெயர், பதிவு எண். ‘இங்கே எதுவும் விற்பதில்லை’ என்ற அறிவிப்பையே பெயராகச் சூட்டிக்கொண்ட ஒன்று, அதற்கும் பதிவு எண். ஒரு கோளைச் சுற்றி 16 கேரியர் நிற்கலாம் என்பது விதி. விதியை மதிக்கிறவர்கள் நாங்கள். 16-க்கு ஒன்றுகூடக் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம். பையன் பட்டியலைத் தள்ளித் தள்ளி இறங்கிக்கொண்டிருக்கும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டிய ஏழு விநாடிக் கணக்கு தவறிப்போகிறது, கப்பல் கோளைத் தாண்டிப் பாய்கிறது. திருப்பிக்கொண்டு ஒரு வட்டம் அடிக்கிறான். ‘லூப் ஆஃப் ஷேம்’ என்று பழைய கமாண்டர்கள் சிரிப்பார்களே, அந்த அவமானச் சுற்று. அதற்குள், புதியவர்களைச் சுட்டே பொழுதைப் போக்கும் பெரிய மனிதர் ஒருவர் பின்னால் வந்து சேர்ந்துவிடுகிறார். மெட்டா-அலாயும் போயிற்று, கப்பலும் போயிற்று. (அந்தப் பெரிய மனிதர்களைப் பற்றித் தனி மனு தயாராகிறது. இதோடு கலக்க விரும்பவில்லை.)

1984-இல் டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் முதல் ‘எலீட்’டை பிபிசி மைக்ரோ கணினியின் 32 கேபி நினைவகத்துக்குள் அடைத்தபோது அதில் எட்டு கேலக்ஸிகள், கேலக்ஸிக்கு 256 கோள்கள், ஆக 2,048 கோள்கள் இருந்தன. ஆடுகிறவர் ஒரே ஆள். நெரிசல் என்று யார் யாரிடம் புகார் சொல்வது? 2014 டிசம்பரில் வந்த ‘எலீட் டேஞ்சரஸ்’ நம் பால்வீதியையே உள்ளபடி விரித்து வைத்தது. சுமார் 40,000 கோடி நட்சத்திர மண்டலங்கள். இத்தனை வருடங்களில் கமாண்டர்கள் அத்தனை பேரும் சேர்ந்து எட்டிப்பார்த்தது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் காலி. ஒரு காக்கை குருவி கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று மனு எழுதும் நிலைக்கு வந்திருக்கிறோம் என்றால், ஐயா, இதை ஒரு சாதனையாகவே தாங்கள் பதிவுசெய்ய வேண்டும்.

வினை தொடங்கியது 2020 ஜூன் 9-ஆம் தேதி. தங்கள் நாட்காட்டியில் அது 3306. அன்றுமுதல்தான் தனி ஆள் சொந்தமாக ஃப்ளீட் கேரியர் வாங்கலாம் என்றாயிற்று. விலை 500 கோடி கிரெடிட். 16 இறங்குதளம், 25,000 டன் கொள்ளளவு, ஒரே தாவலில் 500 ஒளியாண்டு. வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? தாவினார்கள். நல்ல இடமாகப் பார்த்து ஒரு தடவை தாவினார்கள். அதோடு சரி.

மற்றக் கப்பல்களிடம் ஒரு நாகரிகம் உண்டு. உடைமைக்காரர் தூங்கப் போனால் கப்பலும் கூடவே மறைந்துவிடும். கேரியருக்கு அந்தப் பழக்கமில்லை. முதலாளி கணினியை அணைத்த பிறகும் அது அங்கேயே நிற்கும். எல்லாரும் சேர்ந்து ஆடும் ஓபனில் நிற்கும், வேண்டியவர்கள் மட்டும் கூடி ஆடும் பிரைவேட் குரூப்பில் நிற்கும், மனித வாடையே வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்களுக்காக வைத்திருக்கும் சோலோவிலும் நிற்கும். தனிமையைத் தேடிப் போனவரின் பலகையிலும் அதே பூனை, அதே பதிவு எண்.

வாடகைக்கு வருவோம். வாரப் பராமரிப்பு 50 லட்சம். வெள்ளோட்டத்தின்போது இதைவிடக் கூடுதலாக இருந்தது. நாங்கள் கூட்டமாக அழுதோம், குறைந்தது. கேரியரின் கணக்கில் இன்னொரு 500 கோடியைப் போட்டுவைத்தால், வாரம் 50 லட்சம் வீதம் கழிந்து 1,000 வாரம் ஓடும். ஏறத்தாழ 19 வருடம். கப்பல் கடை, பழுதுபார்ப்பு என்று சேவைகளைத் திறந்தால் செலவு ஏறும்தான். திறந்தால்தானே? பணம் தீர்ந்து, கடன் ஏறி, பொறுமை தீர்ந்து கேரியரைக் கலைத்தாலும் போட்ட முதலில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது.

இங்கேதான் தங்கள் கவனத்தை ஈர்க்க விரும்புகிறேன். டெசியாட்டின் நடுவே நிற்கும் கேரியருக்கும், ஈ காக்கை அண்டாத ஒரு பழுப்புக் குள்ளன் பக்கத்தில் நிற்கும் கேரியருக்கும் அதே 50 லட்சம். கப்பலுக்கு வாடகை வாங்குகிறீர்கள், இடத்துக்கு ஒரு காசு வாங்குவதில்லை. புறம்போக்கில் கொட்டகை போட்டவனிடம் ஓலைக்கு மட்டும் வரி வசூலித்தால் அவன் என்ன செய்வான்? மெல்ல வேலி போடுவான், அப்புறம் முருங்கை நடுவான், பேரன் காலத்தில் பட்டா கேட்பான். 500 ஒளியாண்டு பாயும் கப்பல் இப்படித்தான் மனையாகிவிட்டது. நகர்த்தக் கஷ்டம் என்று சொல்வதற்கும் இல்லை. 15 நிமிடம் காத்திருந்தால் தாவிவிடும், ஐந்து நிமிடம் ஆறவிட்டால் மறுபடி தாவும். கூட்டமான நேரத்தில் காத்திருப்பு நீளும், டிரிட்டியம் எரிபொருள் வாங்க வேண்டும், அவ்வளவுதான். 22,000 ஒளியாண்டுக்கு அப்பாலிருக்கும் கொலோனியாவுக்கே 44 தாவல். விடாமல் தாவினால் 15 மணி நேரம்கூட ஆகாது. ஆனால் எவரும் நகர மாட்டார். நகர்ந்த மறுநிமிடம் அந்த 16-ஆவது இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

எல்லாக் கேரியரையும் நான் பழிக்கவில்லை. 2020-இல் போரான் மண்டலத்தில் வைரம் தோண்டியவர்களிடம் அங்கேயே நின்று சரக்கு எடுத்தவர்கள், 2025 பிப்ரவரியில் புது மண்டலங்களில் குடியேற்றம் திறந்ததும் கட்டுமானச் சரக்கைச் சுமந்தவர்கள், இவர்களெல்லாம் உழைக்கிற வர்க்கம். டெசியாட்டிலேயே மெட்டா-அலாயை வைத்துக்கொண்டு விலை சொல்லும் புண்ணியவான்களும் உண்டு. அவர்கள் சொல்லும் விலையைக் கேட்டால் புண்ணியவான் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தோன்றும், ஆனாலும் கடை என்றால் கடைதான்.

எனக்கு விளங்காதது சஜிட்டேரியஸ் ஏ-ஸ்டார். பால்வீதியின் மையம், சூரியனிலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு. சின்னக் கப்பலில் ஒருவர் நாள்கணக்கில் தாவித் தாவி, எரிபொருளுக்கு நட்சத்திரத்தின் ஓரத்தை உரசி, வழியில் ஒரு ஜீவனைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேருகிறார். எதிரே பெருங்கருந்துளை, வளைந்து நெளியும் விண்மீன் ஒளி. உடம்பு சிலிர்த்துப்போய்ப் பலகையைத் திறந்தால், வரிசையாகக் கேரியர்கள். விற்பனை கிடையாது, வாங்கல் கிடையாது. ‘நானும் வந்தேன்’ என்று சுவரில் கரியால் எழுதுகிற குணம் 500 கோடி ஆனாலும் போகாது போலிருக்கிறது.

வடிகட்டி வைத்திருக்கிறோமே என்று தாங்கள் சொல்லக்கூடும். உண்மை. பலகையில் கேரியர் என்ற குறியை எடுத்துவிட்டால் ஒன்றும் கண்ணில் படாது. ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னால் மனுதாரரின் கண்ணைக் கட்டிவிடும் இந்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் குறியைத் தேடி எடுக்கத் தெரிந்தவர் பழைய ஆள். பட்டியலில் மாட்டிக்கொண்டு சாகிறவன் புதுப் பையன். தவிர, வடிகட்டிவிட்டால் மெட்டா-அலாய் கடையும் மறைந்துவிடும், என் கேரியரும் மறைந்துவிடும். சொந்த வீட்டைத் தேடி நானே அலைய முடியுமா?

ஆம், எனக்கும் ஒன்று இருக்கிறது. மேலே எழுதிய பூனை எங்கள் வீட்டுப் பூனைதான்.

எனவே அடியேன் பணிவுடன் கேட்டுக்கொள்வது: முதலில், ஒரு கோளின் கேரியர்களையெல்லாம் ‘கேரியர்கள் – 16’ என்று ஒரே வரியில் மடித்து, நிலையங்களுக்கும் பட்டறைகளுக்கும் கீழே தள்ளுங்கள். வேண்டியவர் விரித்துப் பார்த்துக்கொள்வார். கடையில் சரக்கு வைத்திருப்பவரை மட்டும் மேலே காட்டலாம். இதற்கு எந்தக் கமாண்டரும் கொடி பிடிக்க மாட்டார், நான் உட்பட.

அடுத்து, கூட்டத்துக்கு ஏற்ற வாடகை. ஒரு கோளில் முதல் நான்கு கேரியருக்குப் பழைய 50 லட்சம், ஐந்தாவதிலிருந்து ஆளுக்கு ஆள் இரட்டிப்பு. 16-ஆவது ஆள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் டிரிட்டியம் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். எவனும் விரட்ட வேண்டாம், நோட்டீஸ் ஒட்ட வேண்டாம். ஆள் இல்லாத இடத்தில் நிற்பவருக்கு வாடகையே வேண்டாம் என்று விட்டுவிட்டால் இன்னும் நல்லது. காலியாகக் கிடக்கும் மண்டலங்களுக்கும் கொஞ்சம் மனிதக் களை வரும். இதில் ஒரு சிறு திருத்தம் மட்டும்: இந்த விதி வருவதற்கு முன்பே குடியிருப்பவர்களுக்கு விலக்கு அளிக்க வேண்டும். இது நீதி சம்பந்தப்பட்டது, என் சம்பந்தப்பட்டதல்ல.

மூன்றாவதாக, மூன்று மாதம் எட்டிப்பார்க்காத உடைமைக்காரரின் கேரியரைப் பக்கத்துக் காலி மண்டலத்துக்கு இழுத்து நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் கப்பலும் சரக்கும் பணமும் அப்படியே இருக்கட்டும். திரும்பி வருகிறவர் கேலக்ஸி வரைபடத்தைத் திறந்தால் தன் சொத்து எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வார். மூன்று மாதம் என்பதை ஆறு மாதமாக மாற்றினால் நலம். போன வருடம் எனக்கு வேலை கொஞ்சம் அதிகம்.

கடைசியாக, முதலிலேயே சொன்ன சின்ன வேண்டுகோள். அம்மையாரின் பட்டறை இருக்கும் நிலவுக்கு நேர் மேலே அடியேனின் கேரியர் நெடுங்காலமாக நிற்கிறது. யார் வழியிலும் குறுக்கிட்டதில்லை. பட்டியலில் ஒரு வரிதான் எடுத்துக்கொள்கிறது. அனுபவ பாத்தியத்தைக் கருத்தில்கொண்டு அந்த இடத்துக்கு என் பெயரில் பட்டா வழங்கி, மற்ற 15 பேரையும் உடனடியாக அப்புறப்படுத்துமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு கமாண்டர்,
டெசியாட்.

நகல்: ப்ரூவர் கார்ப்பரேஷன், கேரியர் தயாரிப்புப் பிரிவு – தகவலுக்காகவும், இனி தயாரிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதற்காகவும்.

பி.கு.: நேரில் வந்து பார்வையிடத் தங்கள் அதிகாரிகளை அனுப்புவதாக இருந்தால் சின்னக் கப்பலில் வரச் சொல்லுங்கள். கேரியரில் வந்தால் நிறுத்த இடமில்லை.